எனோடெனா, கோனோவா: ஜப்பானில் ஒரு கடலோர ரயிலுக்கு மட்டும் நேரமிருந்தால்

ஜப்பானுக்குச் சுற்றுலா செல்பவர்கள் கடலோர உள்ளூர் ரயிலுக்கென்று பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒதுக்க முடிவதில்லை. டோக்கியோவுக்குப் பக்கத்தில் ஃபுஜிசாவாவிலிருந்து கமகுரா வரை ஓடும் எனோடெனுக்கு அந்த நாளைக் கொடுப்பதா, வடக்கே அகிதா, ஆவோமோரி மாகாணங்களின் மேற்குக் கரையை ஒட்டிச் செல்லும் கோனோ தடத்துக்குக் கொடுப்பதா என்ற கேள்வி, வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு கிளம்பிய எனக்கும் எழுந்தது. இரண்டிலும் பயணம் செய்தாயிற்று. என் வாக்கு கோனோவுக்கே. இரண்டிலும் கடல் அழகுதான் என்பதால் அழகை வைத்து இந்தத் தீர்ப்பைச் சொல்லவில்லை. கடல் தெரியும் பக்கத்தில் உட்கார இடம் கிடைக்குமா என்பதை வைத்தே சொல்கிறேன்.

தூரத்தையும் வசதியையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரத்தில் கமகுராவை அடைந்துவிடலாம். அகிதாவுக்கோ ஷின்கான்சென் அதிவேக ரயிலிலேயே ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். எனோடெனின் மொத்த நீளம் 10 கி.மீ., 15 நிலையங்கள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கோனோ தடம் 147.2 கி.மீ., 43 நிலையங்கள். அதன் சுற்றுலா ரயிலான ரிசார்ட் ஷிரகாமியில் அகிதாவிலிருந்து ஆவோமோரி வரை செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. டோக்கியோவை விட்டு வெகுதூரம் நகர முடியாதவர்களுக்கு இங்கேயே விடை கிடைத்துவிடும்.

1902-இல் முதல் பகுதி திறக்கப்பட்ட எனோடென், வீடுகளின் கொல்லைப்புறங்களை உரசுவதுபோல் செல்லும் ஒற்றைத் தடம். எனோஷிமாவுக்கும் கொஷிகோயேவுக்கும் இடையே கார்களோடு சேர்ந்து சாலையின் நடுவிலேயே ஓடுகிறது. ஆனால் கடல் தொடர்ந்து தெரிவது கொஷிகோயேவிலிருந்து இனமுராகசாகி வரை, அதாவது மூன்று கி.மீ.க்கும் குறைவான தூரத்துக்கு மட்டுமே. முன்பதிவு கிடையாது. பெட்டிகளில் பெரும்பாலும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அமரும் நீள இருக்கைகளே உள்ளன. கடலைப் பார்க்க வேண்டுமானால் எதிர்ப்புறம் நிற்பவர்களின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டும். கமகுரா கோகோ மாயே நிலையத்தை அடுத்த ரயில்வே கேட், கூடைப்பந்து அனிமே தொடர் ஒன்றின் வழியே உலகப் புகழ் பெற்றுவிட்டதால், பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர்க்காரர்களும் அன்றாடம் பயன்படுத்தும் ரயிலில் வெளிநாட்டுக் கூட்டமும் சேர்ந்துகொள்கிறது. மே மாதத் தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறையில், உள்ளூர்வாசிகள் சான்று காட்டி வரிசையில் நிற்காமல் கமகுரா நிலையத்துக்குள் செல்லும் ஏற்பாட்டை நகராட்சியே சோதித்துப் பார்க்கும் அளவுக்கு நெரிசல் முற்றியிருக்கிறது. நாங்கள் சென்றது வார நாள்தான். ஆனாலும் அம்மாவுக்கு இடம் கிடைத்தபோது கடற்பகுதி முடிந்து ஹாசே வந்துவிட்டிருந்தது.

கோனோவில் நிலைமை நேர்மாறு. ரிசார்ட் ஷிரகாமியில் எல்லா இருக்கைகளும் முன்பதிவுக்குரியவை. முனையங்களில் ரயில் திருப்பப்படுவதில்லை, வந்த வாக்கிலேயே பின்னோக்கித் திரும்புகிறது என்பதால், எந்தத் திசையில் சென்றாலும் ‘ஏ’ வரிசை இருக்கைகளே கடல் பக்கம் அமைகின்றன. முன்பதிவு செய்யும்போது இந்த ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். பயண நாளுக்குச் சரியாக ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரப்படி காலை 10 மணிக்கு விற்பனை தொடங்குகிறது. நம் ஊரில் அப்போது காலை ஆறரை மணி. இந்த ரயிலை இயக்கும் ஜே.ஆர். (ஜப்பான் ரயில்வேஸ்) கிழக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கைப் படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். நால்வராகச் செல்பவர்களுக்கு இரண்டாம் பெட்டியில் தடுப்பு வைத்த அறைபோன்ற இருக்கைகள் இருக்கின்றன. அவற்றை இழுத்துச் சமதளமாக்கிக் காலை நீட்டி உட்காரலாம். முழங்கால் வலியுள்ள அப்பாவுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறெதுவும் இருந்திருக்காது. ஜப்பான் ரயில் பாஸ் வைத்திருப்பவர்கள் இந்த இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எனோடென் ஜே.ஆர். அல்லாத தனியார் ரயில் என்பதால் அதில் அந்த பாஸ் செல்லாது. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக உயர்ந்தபின், ஒவ்வொரு பயணத்தையும் இப்படிக் கணக்குப் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

உறுதியான இருக்கை கையில் இருந்தால் பயணத்தின் தன்மையே மாறிவிடுகிறது. நோஷிரோ நிலைய நடைமேடையில் கூடைப்பந்து வளையம் ஒன்று இருக்கிறது; அந்த ஊர்ப் பள்ளி அணி பெற்ற புகழின் அடையாளம் அது. ரயில் நிற்கும் சில நிமிடங்களில் பயணிகள் இறங்கிப் பந்தெறிகிறார்கள், உள்ளே விழுந்தால் சிறு பரிசும் உண்டு. இடம் பறிபோகுமோ என்ற பயமில்லாததால் இறங்கி விளையாடத் தயக்கமே வருவதில்லை. சென்ஜோஜிகியிலும் அப்படித்தான். 1793-இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் கடலடியிலிருந்து மேலெழுந்த பாறைத்தளம் அது. குறிப்பிட்ட சில ரயில்கள் அங்கே கால் மணி நேரம் நிற்கின்றன. புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஓட்டுநர் ஹாரன் அடிக்கிறார். பாறை இடுக்குகளில் தேங்கிய நீரில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து ரயிலை நோக்கி ஓடுகிறார்கள். இவாதாதேவிலிருந்து அஜிகசாவா வரை ஏறத்தாழ 75 கி.மீ. தூரம் தடம் கரையை விட்டு அதிகம் விலகுவதே இல்லை. நல்ல காட்சி வரும் இடங்களில் ரயில் வேண்டுமென்றே மெதுவாகச் செல்கிறது. அதன்பின் கடல் மறைந்து, 1,625 மீட்டர் உயர இவாகி மலையும் ஆப்பிள் தோட்டங்களும் வந்துவிடும். என் பெற்றோர் அந்தப் பகுதியில் தூங்கிவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சைவ உணவுக்காரர்கள் அகிதாவிலேயே ஊறவைத்த உமே காய் உள்ளே வைத்த ஓனிகிரி (சோற்று உருண்டை) வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கரையோரக் கடைகளில் பெரும்பாலும் சுட்ட கணவாய்தான் கிடைக்கிறது.

எனோடென் தெளிவாக வெல்லும் இடம் ஒன்று உண்டு. அங்கே பொதுவாக 14 நிமிடத்துக்கு ஒரு ரயில். நினைத்த நிலையத்தில் இறங்கி, கடற்கரையில் நடந்து, அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளலாம். கோனோவின் நடுப்பகுதியில் சாதாரண ரயில்கள் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே ஓடுகின்றன. விருப்பம்போல் இறங்கினால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். இளைஞர்கள், கையில் பெட்டி இல்லாதவர்கள், இறங்கி ஏறுவதையே பயணமாகக் கருதுபவர்கள் எனோடெனைத் தேர்ந்தெடுத்தால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவர்களும் வார நாளில் காலையிலேயே சென்று, ஃபுஜிசாவாவிலிருந்து கிளம்பும்போது வலப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

மூன்றாவதாகச் சிலர் பரிந்துரைக்கும், வடகிழக்குக் கரையோரமாக ஓடும் சான்ரிகு ரயில்வேயையும் குறிப்பிட வேண்டும். 2011 சுனாமியில் சிதைந்து, 2019-இல் 163 கி.மீ. நீளத் தடமாக ஒன்றிணைந்த அந்த ரயிலில் ஏறுவதற்கு வேறு நியாயங்கள் இருக்கின்றன. கடற்காட்சி என்று மட்டும் பார்த்தால் நீண்ட சுரங்கங்களும் உயர்ந்த தடுப்புச் சுவர்களும் அடிக்கடி குறுக்கிடுகின்றன. அதில் ஒரு பகுதியை மட்டுமே நான் கடந்திருக்கிறேன் என்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையாகாது.

கோனோவைப் பற்றியும் என் அனுபவம் இலையுதிர்காலத்தோடு நின்றுவிடுகிறது. 1936-இல் முழுமையடைந்த இத்தடம் கரையை இவ்வளவு நெருங்கிச் செல்வதாலேயே பலத்த காற்றுக்கும் அலைக்கும் ஆளாகிறது. 2022 ஆகஸ்ட் கனமழையில் சேதமடைந்த பகுதியில் டிசம்பரில்தான் மீண்டும் ரயில் ஓடியது. குளிர்காலத்தில் ரிசார்ட் ஷிரகாமி ஓடும் நாட்களும் குறைந்துவிடுகின்றன. அந்தப் பருவத்தில் செல்பவர்கள் அன்றிரவு ஆவோமோரியிலேயே தங்கும்படி திட்டமிட வேண்டும்; கடலோர ரயில் ரத்தானாலும் அகிதாவிலிருந்து உள்நாட்டு வழியாகச் செல்லும் சுகாரு விரைவு ரயில் மூன்று மணி நேரத்துக்குள் அங்கே கொண்டு சேர்த்துவிடும்.