லீஃப்: ஆய்வகங்களில் பசுமைத் திட்டம் தொடங்குவோருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பல்கலைக்கழக ஆய்வகங்களில் மின்சாரம், தண்ணீர், பிளாஸ்டிக் செலவைக் குறைக்க ஒரு திட்டம் தொடங்கலாம் என்று முடிவானதும் பெரும்பாலான இடங்களில் முதலில் ஒரு குழு போடுவார்கள். அந்தக் குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து சொந்தமாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரிக்கும். அந்த உழைப்பு தேவையே இல்லை. லண்டனில் உள்ள யூசிஎல் (யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன்) பல்கலைக்கழகம் 2018இல் சோதனை முறையில் தொடங்கிய லீஃப் என்ற தரச்சான்று முறை அந்தப் பட்டியலைத் தயாராகவே தருகிறது. பல்கலைக்கழகம் சந்தா கட்டிச் சேர்ந்தால் போதும், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஆய்வகமும் பதிவு செய்துகொள்ளலாம்.

வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள். கழிவு, கொள்முதல், கருவிகள், காற்றோட்டம், சாம்பிள், ரசாயனப் பராமரிப்பு என ஒவ்வொரு தலைப்பிலும் செய்ய வேண்டிய வேலைகள் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆய்வின் தரத்தையும் இதே பட்டியலில் சேர்த்தது நல்ல யோசனை. பெயர் எழுதாத குப்பி ஒன்று ஃப்ரீசரில் இடத்தை அடைக்கிறது, அதே குப்பியால் ஒரு பரிசோதனையைத் திரும்பச் செய்யவும் முடியாமல் போகிறது. இரண்டும் ஒரே கோளாறுதான் என்று பேராசிரியர்களிடம் எடுத்துச் சொல்ல இது உதவுகிறது. கார்பன் பேச்சில் ஆர்வம் காட்டாதவர்கள்கூட இதற்குக் காது கொடுப்பார்கள்.

இதற்கு மாற்றாகப் பலரும் பார்ப்பது மை கிரீன் லேப் என்ற அமைப்பின் சான்றிதழ். அங்கே ஆய்வகத்தில் வேலை செய்பவர்கள் எல்லோரிடமும் கேள்வித்தாள் கொடுத்து, பதில்களை வைத்துப் பரிந்துரை தருவார்கள். சில மாதம் கழித்து மறுபடியும் கேட்பார்கள். ஓர் ஆய்வகத்தின் பழக்கங்களை ஆழமாகப் பார்க்க அது நல்லது. ஐம்பது, நூறு ஆய்வகங்களை ஒன்றாக இழுத்துக்கொண்டு போக லீஃப்தான் சுலபம். காரணம், தணிக்கையைப் பல்கலைக்கழகமே தன் ஆட்களை வைத்து நடத்திக்கொள்ளலாம். வெல்கம், கேன்சர் ரிசர்ச் யூகே போன்ற பிரிட்டிஷ் நிதி நிறுவனங்கள் இத்தகைய சான்றை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டதால், அவர்களிடம் நிதி வாங்கும் ஆய்வகங்களை இதில் சேர்க்க அதிகம் கெஞ்ச வேண்டியிருக்காது.

பட்டியலில் எங்கிருந்து தொடங்குவது? சாம்பிள்களை மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறையவைக்கும் ஃப்ரீசர்களில் தயங்காமல் கை வையுங்கள். பழைய ஃப்ரீசர் ஒன்று நாளொன்றுக்கு 20 யூனிட் வரை இழுக்கும்; ஆண்டுக்கு 7,300 யூனிட். மைனஸ் 80இலிருந்து மைனஸ் 70க்கு மாற்றினால் சுமார் 30 சதவீதம் குறையும், அதாவது ஒரே பெட்டியில் ஆண்டுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் மிச்சம். கம்ப்ரசரின் உழைப்பும் குறைகிறது. "சாம்பிள் கெட்டுப்போகுமே" என்பதுதான் உடனே வரும் எதிர்ப்பு. அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகம் மைனஸ் 70இல் வைத்துப் பயன்படுத்தும் சாம்பிள் வகைகளைத் தொகுத்துப் பொதுவில் வைத்திருக்கிறது. அதைக் காட்டிப் பேசலாம். அப்போதும் மனம் ஒப்பாதவரைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவருடைய அரிய சாம்பிள்களை ஒரே ஃப்ரீசரில் ஒதுக்கி அதை மைனஸ் 80இலேயே விட்டுவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள்.

மாற்றும்போது வழக்கமாக நடக்கும் தவறு அலாரத்தில்தான். பல ஃப்ரீசர்களில் மைனஸ் 70ஐ எட்டினால் அலாரம் அடிக்கும்படி அமைத்திருப்பார்கள். வெப்பநிலையை மட்டும் மைனஸ் 70க்கு ஏற்றிவிட்டு அலாரத்தைத் தொடாமல் விட்டால் அன்று இரவே அடிக்கும். யாரோ ஒருவர் பதறி ஓடிவந்து எல்லாவற்றையும் பழைய எண்ணுக்கே திருப்பிவிடுவார், அதோடு அந்த ஆய்வகத்தில் அந்தப் பேச்சே எடுபடாது. எனவே அலாரத்தை முதலில் மைனஸ் 60க்கு மாற்றுங்கள். தனியாகக் கண்காணிப்புக் கருவி இருந்தால் அதிலும் மாற்ற மறக்காதீர்கள். அதன்பின் மைனஸ் 75இல் ஒரு வாரம் ஓடவிட்டு, பிறகு மைனஸ் 70க்கு வாருங்கள்.

எண்ணை மாற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டிய பராமரிப்பும் உண்டு. கதவைத் திறந்து ரப்பர் விளிம்பைப் பாருங்கள். கீல் பக்கத்து மூலையில் வெள்ளையாகப் பனி மேடு கட்டியிருந்தால் கதவு சரியாக மூடவில்லை என்று அர்த்தம். இடுக்கு வழியாக உள்ளே போகும் ஈரக்காற்று பனியாகி, அந்தப் பனியே இடுக்கை இன்னும் பெரிதாக்கும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், கத்தி ரப்பரைக் கிழித்துவிடும். முன்பக்கக் காற்று வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் பல இடங்களில் சாம்பல் நிறத்தில் கம்பளிபோலத் தூசி படிந்திருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். சுவரை ஒட்டி நிற்கும் ஃப்ரீசரைச் சுமார் 15 சென்டிமீட்டர் முன்னால் இழுத்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாகப் பனி நீக்க வேண்டும். அன்று சாம்பிள்களை மாற்றி வைக்கக் காலி ஃப்ரீசர் ஒன்று துறைக்குப் பொதுவாக வேண்டும். இது இல்லாததால்தான் பல இடங்களில் பனி நீக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போகிறது.

லீஃப் தரும் கணக்கிடும் கருவிகள் எவ்வளவு கார்பன், எவ்வளவு பணம் மிச்சம் என்று காட்டும். ஆய்வகங்களை உற்சாகப்படுத்த அது நல்ல கருவி. ஆனால் அந்த எண்கள் மதிப்பீடுகள். அவற்றை அப்படியே நிர்வாகத்தின் முன் வைத்து நிதி கேட்டால், மின்கட்டணத்தில் அந்தக் குறைவு எங்கே என்று அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். துறைக்கு நான்கு ஃப்ரீசர்களிலாவது மீட்டர் மாட்டி, மாற்றத்துக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் அளந்து வையுங்கள். ஒரு மணி நேர அளவீட்டை நம்ப முடியாது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், கதவும் பகலில் அடிக்கடி திறக்கும். கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை மீட்டர் தாங்குமா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ரசாயன ஆவியை வெளியே இழுத்துவிடும், முன்பக்கம் ஏற்றி இறக்கும் கதவு கொண்ட ஃபியூம் ஹுட் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. கதவைக் கீழே இறக்கி வைத்தால் மின்சாரம் மிச்சம் என்று எல்லா ஹுட்டிலும் ஒரே ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். கதவின் உயரத்துக்கு ஏற்பக் காற்றின் அளவு மாறும் அமைப்பு இருந்தால்தான் அது உண்மை. காற்று ஒரே அளவில் ஓடும் பழைய அமைப்பில் கதவை மூடினாலும் விசிறி அதே காற்றைத்தான் இழுக்கும். அங்கே கதவை மூடுவது பாதுகாப்புக்கு அவசியம், மின்சாரத்துக்குப் பெரிதாகப் பயனில்லை. எந்தக் கட்டடத்தில் எந்த அமைப்பு என்று பராமரிப்புப் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள். பயன்படுத்தாத ஹுட்டை நிரந்தரமாக மூடுவதாலும் நல்ல மிச்சம் கிடைக்கும். அதற்குப் பாதுகாப்பு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், கட்டடத்தின் காற்றுச் சமநிலையையும் மறுபடி சரிசெய்ய வேண்டும்.

உலர்த்தும் அடுப்புகளுக்கு டைமர் மாட்டுவது செலவு குறைந்த வேலை. வாரத்தின் 168 மணி நேரமும் ஓடுவதை ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்றாக்கினால் ஓடும் நேரத்தில் 70 சதவீதம் குறைந்துவிடும். அடுப்பின் வாட் அளவைத் தாங்காத மலிவு டைமர் சூடாகி உருகும், கவனம். எதை அணைக்கலாம், யாரிடம் கேட்டுவிட்டு அணைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்று பச்சை, மஞ்சள், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் குழப்பம் இருக்காது. இன்குபேட்டர், வெற்றிடத்திலேயே இருக்க வேண்டிய மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இவையெல்லாம் சிவப்பு.

வேதியியல் ஆய்வகங்களில் ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்க நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடும் கண்டென்சர், பன்னிரண்டு மணி நேரத்தில் 720 லிட்டரைச் சாக்கடையில் விடுகிறது. தண்ணீர் வேண்டாத காற்றுக் கண்டென்சர்கள் பெரும்பாலான கரைப்பான்களுக்குப் போதும். டைஈத்தைல் ஈதர் போல எளிதில் ஆவியாகும் கரைப்பான் என்றால் சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். கணினியில் மட்டுமே நடக்கும் ஆய்வுகளுக்கு லீஃப் பொருந்தி வராது. அவற்றுக்கு கிரீன் டிஸ்க் என்ற தனிச் சான்று இருக்கிறது.

லீஃப் தீர்க்காத பிரச்சினை ஒன்று உண்டு. மின்கட்டணத்தைக் கட்டுவது பல்கலைக்கழகம். ஃப்ரீசரை வைத்திருப்பது ஆய்வகம். மிச்சம் பிடித்தவருக்கு ஒரு காசும் திரும்பி வருவதில்லை. மிச்சமான தொகையில் ஒரு பங்கைப் புதிய கருவி வாங்கவோ பராமரிப்புக்கோ அந்த ஆய்வகத்துக்கே தர நிர்வாகம் ஒப்புக்கொண்டால் திட்டம் நிலைத்திருக்கும். ஒருங்கிணைப்பாளர் வேலையையும் பிஎச்டி மாணவரின் தலையில் சம்பளமில்லாமல் கட்டக் கூடாது. அவர் பட்டம் வாங்கிப் போகும் நாளில் எல்லாம் நின்றுவிடும். வாரத்தில் சில மணி நேரமாவது சம்பளத்தோடு ஒதுக்கப்பட்ட நிரந்தர ஊழியர் ஒருவர் வேண்டும்.

தணிக்கையையும் காகிதத்தோடு முடித்துவிடாதீர்கள். தணிக்கைக்குப் போகிறவர் ஃப்ரீசர் முன் நின்று, மூன்றாவது தட்டில் இரண்டாவது பெட்டியில் என்ன இருக்கிறது, யாருடையது என்று கேட்கட்டும். கதவைத் திறக்காமல், பட்டியலைப் பார்த்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டால் கதவைத் திறந்து சரிபார்த்துவிட்டு வெண்கலம் கொடுக்கலாம்.