விடுதி மத்ரஸாவா, வீட்டோடு மக்தபும் கடையுமா?

ஈரோடு கனி மார்க்கெட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் எனக்கு, ஏழாம் வகுப்பு முடித்த மகனைப் பள்ளிப் படிப்போடு ஓதவும் வைக்கும் விடுதி மத்ரஸாவில் சேர்ப்பதா, வீட்டிலிருந்தே பள்ளிக்கும் மாலையில் குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் மக்தபுக்கும் அனுப்பி மீதி நேரம் கடையில் உட்கார வைப்பதா என்ற கேள்வி வந்தது. கோவைப் பக்கத்து விடுதி ஒன்றில் சேர்த்தேன். என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

செலவு, சாப்பாடு, தாயின் ஏக்கம் ஆகியவற்றில் வீடே மேல். வியாபார நுணுக்கத்திலும் அப்படித்தான்: திங்கள் இரவு தொடங்கும் வாரச் சந்தையில் வெளியூர்க்காரரிடம் எந்த விலையில் நிற்பது, யாருக்குக் கடன் தருவது என்பதை எந்த உஸ்தாதும் (மத்ரஸா ஆசிரியரும்) கற்றுத்தர முடியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது கணக்கு. அத்தாவின் கல்லாவிலிருந்து நூறு ரூபாய் எடுக்கும் பையன் அதை எழுதி வைப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. விடுதியில் மாணவர்களே நடத்தும் சிறு கடையின் பணமோ எவருக்கும் சொந்தமன்று, அமானத், அதாவது நம்பி ஒப்படைத்த பொருள். அஸர் (பிற்பகல்) தொழுகைக்குப் பின் நோட்டு, பேனா, பிஸ்கட் விற்கிறார்கள். இஷா (இரவு) தொழுகைக்குப் பின் ஒருவன் சில்லறையை எண்ண, ஒருவன் எழுத, இன்னொருவன் சரிபார்க்கிறான். பத்து ரூபாய் குறைந்தால் ‘குறைவு’ என்றே எழுத வேண்டும். கைக்காசைப் போட்டு நேர்செய்வதும் அங்கே குற்றம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பது மக்தப் பிள்ளைக்கும் தெரியும். என் மகன் அந்தப் பழக்கத்திலேயே வளர்கிறான்.

இந்தோனேசியாவின் பெசந்த்ரன் எனப்படும் மத்ரஸா விடுதிகளில் இது நெடுநாள் வழக்கம். 1926இல் தொடங்கிய கொந்தோர் என்ற பெசந்த்ரன், தற்சார்பைத் தன் ஐந்து அடிப்படைப் பண்புகளுள் ஒன்றாக வைத்து, கடைகளை ஆசிரியர், மாணவர் பொறுப்பிலேயே விட்டிருக்கிறது. 1958இல் நிறுவனர்கள் அதை வக்ஃபாக்கி, அதாவது தனியார் யாருக்கும் சொந்தமாகாத அறக்கொடையாக்கிவிட்டதால் அங்கே ‘எங்கள் வீட்டுப் பணம்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. சிடோகிரி என்ற இன்னொரு பெசந்த்ரனில் கூட்டுறவு அமைப்பு 1961இலேயே வந்துவிட்டது. நம் விடுதியோ பிஸ்கட் கடையோடு நிற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பழக்கம் பெரிய முதலீட்டில் கைகொடுக்குமா என்பதை, மகன் இன்னும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத நிலையில், என்னால் சொல்ல முடியாது. பெண் பிள்ளைகளின் விடுதிகள் பற்றி எனக்கு அனுபவமே இல்லை. விடுமுறையில் சந்தைக்கு வரும்போது விலை பேசுவதில் அவன் சற்றுத் தயங்குகிறான். கடையிலேயே வளர்ந்த அவன் வயதுப் பையன்கள் அதில் கெட்டி. சொந்தக் கடை இல்லாமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் குடும்பத்தாருக்கு விடுதி இன்னும் கூடுதலாகப் பொருந்தும். சேர்க்கப் போகிறவர்கள் கட்டடத்தைச் சுற்றிப் பார்ப்பதோடு நிற்காமல், மாணவர் கடையின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ‘குறைவு’ என்று ஒரு நாளும் எழுதப்படாத நோட்டாக இருந்தால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.