விண்நடைப் பயிற்சி: விமானமா, தண்ணீர்த் தொட்டியா?

1966 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் ஜெமினி 9ஏ விண்கலத்திலிருந்து விண்நடைக்காக வெளியே வந்த விண்வெளி வீரர் யூஜின் செர்னான், கலத்தின் பின்புறம் இருந்த உந்துகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு பறந்து பார்க்க வேண்டும் என்பது திட்டம். கால் ஊன்றச் சரியான பிடிமானம் இல்லாததால், அவர் வால்வைத் திருப்ப முயன்றபோதெல்லாம் அவருடைய உடலே எதிர்ப்புறம் திரும்பியது. இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டியது. தலைக்கவசக் கண்ணாடி ஆவி படர்ந்து மறைத்தது. மூக்கு நுனியால் சிறு வட்டம் தேய்த்து, அதன் வழியே பார்த்தார். 2 மணி 7 நிமிடம் வெளியே இருந்தும் அந்தக் கருவியை அவரால் பயன்படுத்த முடியவில்லை.

அவர் பயிற்சி பெறாமல் போனவரல்லர். வளைவுப் பாதையில் ஏறி இறங்கும் விமானத்தில்தான் அக்காலத்தில் எடையற்ற நிலையைப் பழகினார்கள். அங்கே கிடைப்பது உண்மையான எடையின்மை. ஆனால் ஒரு வளைவுக்கு 20 முதல் 25 விநாடிகள் மட்டுமே. பிறகு விமானம் மேலெழும்போது உடல் ஏறக்குறைய இரு மடங்கு எடையோடு தரையில் அழுந்தும். ஆகவே வீரருக்கு ஒரு வேலையைத் தொடங்கிப் பார்க்க முடிந்ததே தவிர, அதையே ஒரு மணி நேரம் தொடர்ந்தால் உடல் எவ்வளவு களைக்கும் என்பது தெரிய வழியில்லை. செர்னானை வீழ்த்தியது அந்தக் களைப்புதான் என்பது என் கருத்து.

அதே ஆண்டு நவம்பரில் ஜெமினி 12-இல் சென்ற பஸ் ஆல்ட்ரின், மேரிலாந்தில் ஒரு பள்ளியின் நீச்சல்குளத்தில் முழு உடையோடு மூழ்கி ஒத்திகை பார்த்தவர். மூன்று முறையாக 5 மணி நேரத்துக்கும் மேல் விண்நடை செய்து, கொடுத்த பணிகளை நிதானமாக முடித்தார். கலத்தில் கூடுதல் கைப்பிடிகளும் கால்பிடிகளும் பொருத்தப்பட்டிருந்ததையும் சேர்த்தே இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்று ஓய்வெடுக்க வேண்டும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது தண்ணீர்தான்.

இன்று அமெரிக்காவின் ஹூஸ்டனில் நாசா பயன்படுத்தும் பயிற்சித் தொட்டி ஏறத்தாழ 62 மீட்டர் நீளமும் 31 மீட்டர் அகலமும் 12 மீட்டர் ஆழமும் கொண்டது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் பகுதிகளின் முழு அளவு மாதிரிகள் அதனுள் கிடக்கின்றன. உடை மேலே மிதக்காமலும் கீழே அமிழாமலும் நிற்கும்வரை, முக்குளிப்பவர்கள் எடைத் துண்டுகளையும் நுரைத் துண்டுகளையும் மாற்றி மாற்றிச் செருகுவார்கள். ஒரு பயிற்சி ஆறு மணி நேரம்கூட நீளும்.

தண்ணீரும் பொய் சொல்லும். மிதப்பது உடைதான், உள்ளே இருப்பவருக்குப் புவியீர்ப்பு அப்படியே இருக்கிறது. தலைகீழாக வேலை செய்தால் இரத்தம் முகத்தில் ஏறும், உடலின் பாரம் தோள்களில் இறங்கும். தோள்மூட்டுக் காயங்கள் இப்பயிற்சியோடு தொடர்புடையவையாகப் பதிவாகியுள்ளன. மேலும் தண்ணீர் அசைவைத் தடுத்து நிறுத்திவிடுகிறது; விண்வெளியில் ஒருமுறை தள்ளிய பொருள் நிற்பதில்லை. இந்த ஓர் உண்மையை, சில விநாடிகளுக்கேனும், விமானம்தான் சரியாகக் காட்டுகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்கச் சொன்னால் தயங்காமல் தொட்டியைத்தான் சொல்வேன்.

வீரரைக் கலத்தோடு பிணைக்கும் கயிறு அறுந்து, அவர் கலத்தை விட்டு விலகிச் செல்லும் நிலையை மட்டும் இரண்டுமே பழக்க முடியாது: விமானத்தில் நேரம் போதாது, தொட்டியில் உடல் மிதந்து விலகாது. அதற்காகவே மெய்நிகர் கண்ணாடி அணிந்து, முதுகில் இருக்கும் சிறு நைட்ரஜன் உந்தியால் நிலையத்துக்குத் திரும்பும் வித்தையைத் தரையில் உட்கார்ந்தபடி பழகுகிறார்கள். அந்த உந்தியை உண்மையான ஆபத்தில் இயக்க வேண்டிய நிலை இதுவரை எவருக்கும் வந்ததில்லை.