ஹனோய் ஹோவா லோ சிறை அருங்காட்சியகம்: ஒரு மதிப்புரை

வியட்நாம் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகள் 1964 முதல் 1973 வரை அடைபட்டிருந்த இடம் என்று மட்டும் எண்ணி ஹோவா லோ சிறைக்குச் செல்பவர்களுக்கு, வாயில் வளைவிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. அங்கே இன்றும் 'மெசோன் சென்ட்ரால்' (மத்தியச் சிறை) என்ற பிரெஞ்சுப் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது. 1896இல் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கட்டத் தொடங்கிய இச்சிறையில், வியட்நாமிய அரசியல் கைதிகளைக் காலில் தளையிட்டு வரிசையாக அமர்த்திவைத்த கூடத்தையும், மங்கிய ஒளியில் நிற்கும், தலையை வெட்டும் கருவியான கில்லட்டினையும் கண்டபின் எனக்குச் சிறிது நேரம் பேச்சே எழவில்லை.

நாங்கள் அமர்த்தியிருந்த சுற்றுலா வழிகாட்டி, அங்கிருந்து நேராக விமானிகளின் உடைமைகள் உள்ள அறைக்கு அழைத்துச் சென்றது பெருங்குறை. பிரெஞ்சு ஆட்சிக்கும் அமெரிக்கப் போருக்கும் இடைப்பட்ட கண்ணிதான் உண்மையில் கேட்க வேண்டிய கதை. 1946இல் விடுதலைக்கு ஆதரவு கோரி வியட்நாமிய விடுதலைத் தலைவர் ஹோ சி மின் அமெரிக்க அதிபர் ட்ரூமனுக்கு எழுதினார், பதில் வரவில்லை. காலனியை மீட்கப் போரிட்ட பிரான்சுக்கு 1950இல் உதவத் தொடங்கிய அமெரிக்கா, 1954இல் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் ஃபூ வீழ்ந்தபோது போர்ச்செலவின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டுகளை முன்கூட்டியே படித்துவிட்டு, ஒலி வழிகாட்டிக் கருவியுடன் தனியாகச் செல்வதே நல்லது. பெண் கைதிகள் குழந்தைகளோடு இருந்த அறையை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.