மேமோகிராம் எடுத்த சென்டர்: ஆள் அருமை, ரிப்போர்ட் கொடுத்த விதம் மோசம்

நான்கு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒருவழியாக 44 வயதில் முதல் மேமோகிராம், அதாவது மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரே, எடுத்துவிட்டேன். கட்டி, வலி எதுவும் இல்லை, வெறும் பரிசோதனைதான். கட்டி ஏதாவது தட்டுப்பட்டால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் வாருங்கள், மார்பு கனமில்லாமல் இருக்கும், வலி குறையும் என்று போனிலேயே சொன்னார்கள். பவுடர், டியோடரண்ட் கூடாது என்றும் சொன்னார்கள், நான்தான் பழக்கத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அந்த டெக்னீஷியன் பெண் முகம் சுளிக்காமல் ஈரத் துணி கொடுத்துத் துடைக்கச் சொன்னார். டியோடரண்டில் இருக்கும் அலுமினியம் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரியுமாம், புற்றுநோயின் ஆரம்பமும் சில சமயம் அப்படிப்பட்ட புள்ளிகளாகத்தான் தெரியும் என்பதால் குழப்பிவிடும்.

சரி, வலி. மார்பைத் தட்டில் எடுத்து வைத்ததும் மேலே இருந்து ஒரு பிளாஸ்டிக் தகடு இறங்கி அழுத்துகிறது. நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, இரண்டு பக்கமும் சேர்த்து 4 படம். சாய்வாக எடுக்கும்போது தட்டின் விளிம்பு அக்குளில் குத்தியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொன்றும் சில வினாடிதான், "மூச்சைப் பிடிங்க, அவ்வளவுதான், விட்டாச்சு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது பெரிய ஆறுதல்.

அப்புறம்தான் கோபம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஒட்டிய கவரை நீட்டினார்கள், உள்ளே 'பை-ராட்ஸ் 0' என்று இருந்தது (மேமோகிராம் முடிவை எண்ணால் குறிக்கும் முறைதான் பை-ராட்ஸ்). என்னவென்று கேட்டால் "டாக்டர்கிட்ட காட்டுங்க மேடம்" என்பதோடு சரி. இரண்டு ராத்திரி தூங்கவில்லை. திங்கட்கிழமை டாக்டர் சொன்னார், 0 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை, இந்தப் படத்தை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது என்றுதான் அர்த்தம். எனக்கு அடர்த்தியான மார்பு, படத்தில் திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அல்ட்ராசவுண்டில் பார்த்தால் சாதாரண நீர்க்கட்டி. இப்படித் திரும்பக் கூப்பிடப்படுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது, அதுவும் முதல்முறை என்றால் ஒப்பிடப் பழைய படம் இல்லாததால் கூடுதலாகவே கூப்பிடுவார்களாம். கவரைக் கொடுத்தவர் இதில் பாதியையாவது சொல்லியிருக்கலாமே?

இரண்டு வருடம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அந்த டெக்னீஷியனுக்காக அதே சென்டருக்குத்தான் போவேன், அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் படங்கள் உள்ள சிடியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் ரிப்போர்ட்டை மட்டும் டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில்தான் வாங்குவேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.