டிஆர்எஸ்பி அட்டவணை: நிரப்புவது நான், படிப்பது அவர்

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குத்தான் விமர்சனம் எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. நான் எழுதப்போவது ஒரு தாளைப் பற்றி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அச்செடுக்கும் கூலி மட்டுமே செலவு. முழுப்பெயர் ‘டெய்லி ரெக்கார்ட் ஆஃப் சிவியரிட்டி ஆஃப் பிராப்ளம்ஸ்’. மருத்துவர்கள் சுருக்கமாக டிஆர்எஸ்பி என்கிறார்கள். அமெரிக்காவில் ஜீன் எண்டிகாட், வில்மா ஹாரிசன் ஆகிய இருவர் உருவாக்கிய அட்டவணை. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலும் மனமும் படுகிற பாட்டை அன்றன்றைக்குக் குறித்துவைப்பதற்கானது. கும்பகோணத்தில் நான் பார்க்கும் மகப்பேறு மருத்துவர் எனக்காகக் கொடுத்தார். ஆனால் வீட்டு ஆண்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

தாளின் அமைப்பு எளிது. மேலே தேதிகள். இடப்பக்கம் வரிசையாகத் தொல்லைகள்: மனச்சோர்வு, பதற்றம், சட்டென்று புண்பட்டுப்போவது, கோபம், மற்றவர்களோடு சண்டை, கவனம் நிற்காமை, அசதி, கண்டதையும் தின்னத் தோன்றுவது, தூக்கம் கெடுவது, மார்பு வலி, வயிறு உப்புசம், தலைவலி, மூட்டு வலி என்று 21 வரிகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். 1 என்றால் துளியும் இல்லை. 6 என்றால் தாங்கவே முடியவில்லை. கீழே தனியாக மூன்று வரிகள் உண்டு: இன்று வேலை கெட்டதா, விருப்பமான காரியங்கள் தடைப்பட்டனவா, உறவுகளில் உரசல் வந்ததா. உதிரப்போக்கு இருக்கும் நாளில் ‘எம்’ என்ற எழுத்தைப் போட்டுவிட வேண்டும். இரவு படுக்கும் முன் நிரப்ப வேண்டும். விட்டுப்போன நான்கு நாட்களை ஞாபகத்திலிருந்து சேர்த்து எழுதினால் தாள் வீண்.

என் கணவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். பம்புசெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் “சூடாகிறது” என்று மட்டும் சொன்னால் இவர் கையே வைக்க மாட்டார். எத்தனை மணி நேரம் ஓடிய பிறகு, எவ்வளவு வோல்டேஜில், போர் தண்ணீரா வாய்க்கால் தண்ணீரா என்று கேட்டுத் தீர்த்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார். அப்படிப்பட்டவருக்கு “இந்த வாரம் எனக்கு என்னவோ போல் இருக்கிறது” என்பது தகவலே இல்லை. எண்களாகப் பார்த்தபோதுதான் உட்கார்ந்து படித்தார். மார்பு வலியும் எரிச்சலும் ஒரே தாளில் இருந்ததும், இரண்டும் ஒரே நாளில் ஏறி ஒரே நாளில் இறங்கியதும் அவரை யோசிக்கவைத்தன. உடம்பு வலியை நம்புகிற ஆண்கள் மனவலியைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். மாதவிடாய்க்கு முந்தைய இந்தப் பதற்றத்தைப் பற்றி 1931-லேயே நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் மருத்துவ இதழில் எழுதிவிட்டார். என் மாமியார் வீட்டுக்கு அந்த இதழ் இன்னும் வந்து சேரவில்லை.

ஆனால் தாளின் உண்மையான பயன் பெரிய எண்களில் இல்லை, சிறிய எண்களில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

என் கணவரின் சட்டைகளில் கிரீசும் வார்னிஷும் இருக்கும். அவற்றைப் பையனின் பள்ளிச் சீருடையோடு ஒரே வாளியில் ஊறப்போடும் பழக்கம் அவருடையது. மாதவிடாய் முடிந்திருந்த 9-ஆம் தேதியன்று, “இதைத் தனி வாளியில் போடுங்கள்” என்று சாதாரணமாகச் சொன்னேன். அன்று கோபத்துக்கு நான் போட்ட மதிப்பெண் 1. அதே வாளி, அதே வெள்ளைச் சட்டை, 24-ஆம் தேதி. வாளியோடு தண்ணீரை முற்றத்தில் கொட்டிவிட்டு நான் பேசிய பேச்சு தெருவுக்கே கேட்டிருக்கும். கோபம் 5, சண்டை 5. மாத இறுதியில் இரண்டு கட்டங்களிலும் விரலை வைத்துப் பார்த்த அவர், “இரண்டு நாளும் விஷயம் ஒன்றுதான் போலிருக்கிறதே” என்றார். மறுநாள் கடையிலிருந்து பழைய பெயின்ட் வாளி ஒன்று வந்தது. அதில்தான் அவர் சட்டைகள் இப்போது ஊறுகின்றன.

இதைத்தான் ஆண்கள் படிக்க வேண்டும். அந்த வாரத்தில் நாங்கள் புதிதாக எதையும் கற்பனை செய்வதில்லை. மற்ற மூன்று வாரங்கள் விழுங்கிக்கொண்டதை விழுங்கும் தெம்பு அப்போது இருப்பதில்லை, அவ்வளவுதான். “அந்த நாளா?” என்று கேட்டு வாயை அடைக்கப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தாள் நல்ல பதில். 9-ஆம் தேதிக் கட்டத்தைக் காட்டினால் போதும்.

மருத்துவரும் அந்தச் சிறிய எண்களைத்தான் தேடுகிறார். கருமுட்டை வெளியான பிறகு, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குள் எண்கள் ஏற வேண்டும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் இறங்கிவிட வேண்டும். மாதம் முழுக்க 4, 5 என்றே இருந்தால் அது வேறு கதை. தைராய்டா, ரத்தசோகையா, மனச்சோர்வு நோயா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒரு மாதத் தாளை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். தொடர்ந்து இரண்டு சுழற்சிகள் வேண்டும். ஒரு பரிசோதனைக் கூடத்தில் ‘ஹார்மோன் பேக்கேஜ்’ என்று சில ஆயிரம் ரூபாய் சொன்னார்கள். மாதவிடாய்க்கு முந்தைய இந்தத் தொல்லைகளுக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் பிஎம்எஸ்; அதை உறுதிப்படுத்தும் ரத்தப் பரிசோதனை என்று ஒன்று கிடையாது. இந்தத் தொல்லை உள்ள பெண்களின் ஹார்மோன் அளவு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். இயல்பான அந்த ஏற்ற இறக்கத்துக்கே மூளை கூடுதலாக அசைந்துகொடுப்பதுதான் சிக்கல் என்று மருத்துவர் விளக்கினார். கணவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்ததில் எனக்கும் சந்தோஷம்.

எனக்கு இப்போதைக்குச் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் மாலை நடையும்தான் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பிஎம்எஸ்ஸின் கடுமையான வடிவம் பிஎம்டிடி. நூற்றில் சில பெண்களுக்கு அது வருகிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம்கூட அந்த நாட்களில் தோன்றக்கூடும். அதற்கு மாதத்தில் இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன. உயிரை விடும் பேச்சு வீட்டில் காதில் விழுந்தால், தாள் நிரம்பட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது; ஓரத்தில் பென்சிலால் நான் தமிழில் எழுதிக்கொண்டேன். கட்டங்கள் எறும்பு அளவு. வலிக்குக் காரணம் எழுத இடமே இல்லை. 24-ஆம் தேதி 5 ஏன் வந்தது என்று தாளுக்குத் தெரியாது. பின்பக்கத்தில் ‘வாளி’ என்று நானே குறித்துவைத்தேன். பின்பக்கக் குறிப்பு இல்லாவிட்டால் என் கணவர் அந்த எண்ணுக்கு என் ஹார்மோனை மட்டுமே பொறுப்பாக்கியிருப்பார்.

கைப்பேசிச் செயலிகளையும் பார்த்தேன். மனைவியின் நாட்களைக் கணவருக்குத் தெரிவிக்கும் வசதி சிலவற்றில் இருக்கிறது. அவள் வாய் திறப்பதற்கு முன்பே “இன்று எரிச்சலாக இருக்கலாம்” என்று அவர் கைப்பேசியில் மணியடிப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சொல்ல வருவதைக் கேட்காமலிருக்க அது ஒரு சாக்காகிவிடும். தாள் எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறது.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை: தாளை நீங்கள் நிரப்பாதீர்கள். “இன்றைக்கு எத்தனை?” என்று இரவில் வந்து நிற்காதீர்கள். என் கணவர் ஒருநாள் கேட்டார். அன்று எரிச்சலுக்கு ஒரு எண் கூடியதுதான் மிச்சம். மாத இறுதியில் அவளாகக் காட்டினால் பாருங்கள், காட்டாவிட்டால் விட்டுவிடுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவதும் வேண்டாம். நான் பணிபுரியும் கூட்டுறவுச் சங்கத்துக்கு இதை எடுத்துப் போக மாட்டேன். மேலாளர் கைக்கு இப்படி ஒரு தாள் கிடைத்தால், அடுத்த பதவி உயர்வின்போது அது எப்படிப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும்.

அச்செடுப்பவர்கள் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கி எடுங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். வாளிகளைப் பற்றி எழுத இடம் தேவைப்படும்.