பூட்டிய வீட்டுக்குப் பேட்டரி வைத்துத் தரும் காரைக்குடிக் கடை

செட்டிநாட்டில் பெரிய வீட்டை வைத்துக்கொண்டு சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் இந்தக் கடையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. செக்காலை ரோட்டுப் பக்கம், சின்னக் கடைதான், வாசலில் பழைய பேட்டரிகள் அடுக்கிக் கிடக்கும். நாங்கள் விசாரித்த மற்ற கடைகளில் எல்லாம் முதல் கேள்வியே "எத்தனை மணி நேரம் பேக்கப் வேணும்?" என்பதுதான். இந்தக் கடைக்காரர் ஒருவர்தான் "எதுல சார்ஜ் ஆகும், தினம் எவ்வளவு நேரம் ஆகும், வீட்டுல ஆள் இருப்பாங்களா?" என்று கேட்டார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊர் இது. பேட்டரி ஆராய்ச்சியே அங்கே நடக்கிறது. இந்த ஊரில் இப்படிக் கேட்கும் கடை ஒன்றாவது இருக்கிறதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் வீடு கானாடுகாத்தான் பக்கம். பொங்கல், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் குடும்பப் பூஜை), கல்யாணம் என்றால் பங்காளிகள் எல்லாரும் வந்து நிறைந்துவிடுவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். இடி மின்னலுக்குப் பயந்து வாட்ச்மேன் மெயினை இறக்கிவிடுவார், பேட்டரி தானாக வடிந்துகொண்டே கிடக்கும். விசேஷத்துக்கு முதல் நாள் ஜெனரேட்டரை இரண்டு மணி நேரம் ஓட்டி "சார்ஜ் ஆயிடுச்சு" என்பார்கள். ஆகியிருக்காது. ஈயத் தகடும் அமிலமும் உள்ள லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை மளமளவென்று வாங்கிக்கொள்ளும், அதற்கு மேல் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடும், அந்தக் கடைசி 20-க்கு மட்டும் பல மணி நேரம் பிடிக்கும். அது நிறையாமலே விட்டுக்கொண்டிருந்தால் தகட்டில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் போகும், பிறகு எந்த சார்ஜரும் அதைக் கரைக்காது. முன்பு வேறொருவர் போட்டுக் கொடுத்த பேட்டரிகள் இப்படித்தான் செத்தன.

இங்கிலாந்தில் கால்வாய்ப் படகிலேயே குடியிருப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். எஞ்சின் ஓட்டி, அதோடு சுழன்று கரண்ட் தரும் ஆல்டர்னேட்டரில் சார்ஜ் ஏற்றுகிறார்கள். கரையில் கட்டிய பிறகு, பக்கத்துப் படகுக்காரர் தூங்க வேண்டும் என்பதால் இரவு 8 முதல் காலை 8 வரை எஞ்சின் ஓட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டினால் 80 சதவீதத்தைத் தொடும், அதோடு சரி. அதனால்தான் படகுக் கூரையில் சோலார் பலகை போட்டு, மீதியை வெயிலிடம் விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர் எங்களுக்குச் சொன்ன வழியும் அதுதான். வெயிலுக்கு நம் ஊரில் என்ன குறை?

150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) ட்யூபுலர் லெட் ஆசிட் பேட்டரி நான்கு, இரண்டிரண்டாகச் சேர்த்து 24 வோல்ட், 300 ஏஎச். பத்தில் ஒரு பங்கு, அதாவது 30 ஆம்பியர் சார்ஜ் என்று கணக்குப் பார்த்து 1 கிலோவாட் சோலார் பேனலும், அதிலிருந்து முடிந்த அளவு கரண்டை எடுத்துப் பேட்டரிக்கு அளந்து விடும் எம்பிபிடி கன்ட்ரோலரும் போட்டார். நாட்டு ஓட்டின் மேல் ஆளை ஏற்றவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு, பின்கட்டு மொட்டை மாடியில் தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வில் பேனலை நிறுத்தினார். கன்ட்ரோலரில் கம்பெனி வைத்து அனுப்பியதை அப்படியே விடாமல் அப்சார்ப்ஷன் (கடைசிப் பங்கை நிரப்பும் வோல்டேஜ்) 28.8, ஃப்ளோட் (நிறைந்த பிறகு அப்படியே வைத்திருக்கும் வோல்டேஜ்) 27.4 என்று மாற்றி, பேட்டரி மேலேயே ஒரு டெம்பரேச்சர் சென்சாரையும் ஒட்டினார். சித்திரை வெயிலில் பேட்டரி 35 டிகிரிக்குப் போனால் சார்ஜ் வோல்டேஜை அரை வோல்ட் போலக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரித் தண்ணீர் வாயுவாகப் போய்த் தீர்ந்துவிடும். இதைத் தானாகவே சொல்லிச் செய்து தந்த கடை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எங்கே வைப்பது என்பதில் அம்மாவுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். திருட்டுப் பயத்தில் அம்மா வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய உள்வீட்டில் வைத்துப் பூட்டச் சொன்னார். ஜன்னலே இல்லாத அறை அது. "ஆச்சி, இது மூச்சு விடுற சாமான். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பூட்டி வச்சா ஒரு பொறி போதும்" என்று சொல்லி அவர் மறுத்தே விட்டார். கடைசியில் பின்கட்டுத் தாழ்வாரத்தில் கம்பிக் கூண்டு அடித்து வைத்தோம். நல்ல நிழல், நல்ல காற்று.

வயரிங்கும் சுத்தம். 35 ஸ்கொயர் எம்எம் ஒயர், ப்ளஸ் முதல் ஜோடியிலிருந்து, மைனஸ் கடைசி ஜோடியிலிருந்து. முன்பு போட்டவர் இரண்டையும் ஒரே ஜோடியிலிருந்து எடுத்திருந்ததால் அந்த ஜோடி மட்டும் கூடுதலாக உழைத்து முதலில் போனது. அப்புறம் வாட்ச்மேனை உட்கார வைத்து பேட்டரி அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார், முழு சார்ஜுக்கு 1.240 வர வேண்டும் என்று சுவரிலேயே எழுதிவைத்தார். வளவில் பிடித்த மழைத் தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்டதற்கு, ஓட்டுத் தூசி கலந்திருக்கும், டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறெதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்போது நாங்கள் போய் இறங்கும்போது பேட்டரி நிறைந்திருக்கிறது.

குறையும் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் போன் செய்தால் வருவதற்கு ரொம்பத் தாமதம். கார்டு வாங்க மாட்டார். லித்தியம் என்றாலே வேண்டாம் என்கிறார், இதில் எனக்கு உடன்பாடில்லை. வருஷம் முழுக்க ஆள் தங்கி ஹோம்ஸ்டே நடத்தும் வீட்டில் பேட்டரி தினமும் பாதி காலியாகும், எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) என்றால் அரைகுறை சார்ஜில் கெட்டுப்போகாது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் விலை கூடினாலும் வேறு கடையில் லித்தியம் விசாரித்துக்கொள்ளலாம். எங்களைப் போலப் பூட்டி வைத்திருப்பவர்கள் தை பிறக்குமுன்பே இவரிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.